பெருவிரல் புகட்டிய பாடம்

எம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை ஒன்று விடுக்குமாறு மலராசிரியர் அன்புடன் பணித்திருந்தார். கல்லூரியை விட்டு நீங்கி நாற்பதாண்டுகட்கு மேலாகியும் எம்மை மறவாது விளித்த அவ்வன்பிற்கு யாது கைம்மாறு செய்வோம் எனப் பல நாள் எண்ணினோம். சங்க நூல்களைப் பற்றியும் சான்றோர் வரலாறுகளைப் பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். பயணக் கட்டுரை வரைதற்கோ யாம் கடல் கடந்து சென்றவரல்லோம். இங்ஙனம் பொருள் தேடி அலமந்திருந்த ஓரிரவில், வழக்கம்போல் உறங்குமுன் மாத்திரை ஒன்றை வாயிலிட்டுத் தண்ணீர் பருகினோம். எழுதற்குரிய பொருள் எம் கையிலேயே இருந்தமை அப்பொழுதுதான் புலனாயிற்று. அம்மாத்திரையையும், அதனை உண்ணுமாறு எமக்குக் கற்பித்த எம் இடக்காற் பெருவிரலையும் பற்றி எழுதத் துணிந்தோம். படிப்போர் நகைப்பராயின் நகைக்க. நகைத்தபின் இறுதிவரை படிப்பராயின் அதுவே எமக்குப் போதும்.

யாம் ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெறுதற்கு நெடுநாள் முன்னரே திருவண்ணாமலையிற் குடியேறினோம். எம் இல்லம் செங்கம் சாலையினின்றும் பிரியும் ஒரு சிறு தெருவில் உள்ளது. மாடியில் நின்று நோக்கின் மலை முழுதும் தோன்றும். அம்மலையைச் சுற்றியுள்ள வலப்பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. பௌர்ணமிதோறும் மக்கள் வெள்ளம் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் ஈறாக எட்டுத் திக்கு லிங்கங்களையும் வணங்கிக்கொண்டு, வெறுங்காலோடு இரவு முழுதும் அப்பாதையில் நகரும். யாமும் எம் மனைவியாரும் பதினாறாண்டுகள் ஒரு பௌர்ணமியேனும் தவறாது நடந்தோம். அங்ஙனம் தவறாமையைப் பிறரிடம் எடுத்துக் கூறுதலில் எமக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. அதனை ஈண்டு ஒளியாது உரைக்கின்றோம்; பின்னர் யாம் செய்த பிழைகள் பலவற்றிற்கும் அப்பெருமிதமே வித்தாயிற்று.

2014-ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமி அக்கினி நட்சத்திர நாட்களில் வந்தது. அன்று பகல் முழுதும் உண்ணா நோன்பிருந்தோம். மாலையில் நடக்கத் தொடங்கினோம். வழியிலே தண்ணீர்ப் பந்தல்கள் பல இருந்தும், நின்றால் நடை தளருமென்று எண்ணி, நீர் மிகுதியாகப் பருகிலோம். மறுநாள் உறவினர் இல்லத்திற் காதுகுத்து விழா. முன்னாள் நோன்பிற்கு ஈடு செய்வார்போல் ஆட்டுக்கறிக் குழம்பும் ஈரல் வறுவலும் வயிறார உண்டோம். வெயிலுக்கு இதமாக இரண்டு புட்டி கலரும் பருகினோம். அன்றிரவு இரண்டு மணியளவில், இடக்காற் பெருவிரலின் அடிமூட்டில் நெருப்புக் கங்கினை வைத்து அழுத்தினாற்போன்ற வலி எம்மை எழுப்பியது. விளக்கேற்றி நோக்க, மூட்டுச் சிவந்து வீங்கிப் பளபளத்தது. மேலே கிடந்த மெல்லிய போர்வையின் பாரமும் பொறுக்கலாகவில்லை. எம் மனைவியார் பதறி அறையினுள் நடந்த அதிர்ச்சியும் விரலில் வந்து தாக்கியது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில மருத்துவர் தாமே இந்நோயால் நெடுங்காலம் வருந்தியவர். அவர் 1683-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், போர்வையின் பாரமும் நடப்பாரது அடியின் அதிர்ச்சியும் தாங்கவொண்ணாமையை இவ்வாறே குறித்துள்ளார் எனப் பின்னாளில் அறிந்து வியந்தோம்.

அன்றோ யாம் இந்நோயின் பெயரும் அறியோம். வலப்பாதையிற் கல்லோ முள்ளோ தைத்திருக்குமென்றே கருதினோம். விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவினோம். கால்வலிக்கு ஆட்டுக்கால் சாறே கைகண்ட மருந்தென்று அண்டை வீட்டார் கூற, காலையும் மாலையும் அதனைப் பருகினோம். மருந்துக் கடை ஒன்றில் எவ்விதச் சீட்டுமின்றி வாங்கிய வெண்ணிற மாத்திரைகளையும் விழுங்கினோம். பத்தாம் நாள் வலி அறவே நீங்கியது. எண்ணெயின் பெருமையை யாம் பேசினோம். சாற்றின் பெருமையை அண்டை வீட்டார் பேசினர். மாத்திரையின் பெருமையைக் கடைக்காரர் பேசினார். உண்மை யாதெனின், இந்நோயின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு தாக்குதலும் ஓரிரு வாரங்களில் எதுவும் செய்யாமலே தணியும் இயல்பினது. தானே நீங்கும் நோய்க்கு இறுதியாக உண்ட மருந்து புகழ் பெறுகின்றது. இவ்வொன்றை அறியாமையால் எம்மனோர் எத்துணையோ பேர் ஆண்டுக்கணக்காக ஏமாறுகின்றனர்.

நிற்க. வலி மறுபடியும் வந்தது. முதலிற் பத்து மாதங் கழித்து. பின்னர் ஆறு மாதங் கழித்து. பின்னர் இரண்டு மாதத்திற்கொருமுறை. பெருவிரலை விட்டுக் கணுக்காலுக்கும் அதனை விட்டு முழங்காலுக்கும் ஏறியது. ஒவ்வொரு முறையும் அவ்வெண்ணிற மாத்திரைகளே எமக்குத் துணையாயின. பௌர்ணமி நெருங்க நெருங்க, நடை தடைப்படுமோ என்னும் அச்சத்தால் வலி தோன்றுமுன்னரும் அவற்றை விழுங்கலானோம். உறவினர் கேட்டால், “கால் பிசகிற்று” என்போம். மருத்துவரிடம் சென்றால் நடக்கலாகாது என்று கூறிவிடுவரோ என அஞ்சி ஐந்தாண்டுகள் கடத்தினோம். 2019-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் வலமுழங்கால் வீங்கி, எழுந்து நிற்றலும் அரிதாயிற்று. பதினாறாண்டின் மேலும் ஐந்தாண்டு காத்த வழக்கம் அப்பௌர்ணமியில் அற்றது.

அப்பொழுது எம் மனைவியார் எம்மைக் கேளாமலே எம் விடுதித் தோழருக்குத் தொலைபேசியிற் செய்தி கூறினார். கல்லூரி விடுதியில் ஓரறையில் மூன்றாண்டு எம்மோடு உடனுறைந்த அந்நண்பர் பின்னர் மருத்துவம் பயின்று வேலூரிற் பணி புரிபவர். மறுநாளே எம்மை வருவித்து, முழங்காலிற் கோத்திருந்த நீரை ஊசியால் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். பின்னர் எம்மை உருப்பெருக்கிக் கண்ணாடியின்முன் அமர்த்தி, “நீரே பாரும்” என்றார். நோக்கினோம். இருண்ட களத்தில் நுண்ணிய ஊசிகள் பல ஒளிர்ந்தன. “யூரிக் அமிலம் உறைந்த படிகங்கள் இவை. உமக்கு வந்திருப்பது கவுட் என்னும் நோய். நம் நாட்டார் கீல்வாயு, கீல்வாதம் எனப் பொதுவாக வழங்கும் பெயருள் பல நோய்கள் அடங்கும். அவற்றுள் இது தனி வகை. ஆயுர்வேத நூலார் வாதரக்தம் என்பர்” என்று கூறிச் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், “உம் தந்தையாரின் விரல்கள் உமக்கு நினைவிருக்கின்றனவா?” என்று வினவினார்.

எமக்கு மெய் சிலிர்த்தது. எம் தந்தையார் போளூருக்கு அணித்தாய ஒரு சிற்றூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியராயிருந்தவர். எம் இளமையில் அவர்தம் கைவிரல் மூட்டுகளிற் கட்டிகள் திரண்டிருந்தன. முதுமையில் அவற்றுள் ஒன்று வெடித்து, வெண்ணிறமான பொடி போன்ற பொருள் கசிந்தது. முப்பத்தைந்தாண்டு கரும்பலகையில் எழுதியதால் சுண்ணக்கட்டியின் தூள் உடம்பிற் புகுந்து விரல் வழியே வெளிப்படுகின்றதென்று ஊரார் கூறினர். எம் தாயாரும் நம்பினார். எம் தந்தையாரும் புன்முறுவலோடு அதனை ஏற்றுக்கொண்டார். உண்மையில் அஃது அவர் உழைப்பிற்கு ஊரார் சூட்டிய பட்டம்போல் எமக்குத் தோன்றியதுண்டு. விடுமுறையில் எம்மோடு எம் ஊருக்கு வந்திருந்த இந்நண்பரும் அவ்விரல்களைக் கண்டிருக்கின்றார். எழுதுகோலும் பிடிக்கலாகாத நிலையில் எம் தந்தையார் சில ஆண்டுகள் வாழ்ந்து, சிறுநீரகங்கள் செயலற்று, 1991-ஆம் ஆண்டில் மறைந்தார். “அது சுண்ணமன்று. நீர் இப்பொழுது கண்ட ஊசிகளே அங்கே பாறையாகத் திரண்டிருந்தன. அன்று யானும் அறிந்திலேன், அறிந்த பின்னர் உம்மிடம் சொல்லவும் வாய்க்கவில்லை” என்று நண்பர் கூறினார். அவர்தம் குரல் தழுதழுத்தது. எம் தந்தையாரின் நோய்க்கு மருந்து அவர் வாழ்ந்த காலத்திலேயே உலகில் இருந்தது. சுண்ணம் என்னும் கதை எமக்கு இனிதாயிருந்தமையின் யாரும் அம்மருந்தைத் தேடிற்றிலோம்.

நோயின் இயல்பை அன்று நண்பர் விளக்கிய வண்ணமே கூறுகின்றோம். நம் உடம்பின் அணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் பியூரின் என்னும் பொருள் உள்ளது. அது சிதையுங்கால் யூரிக் அமிலம் உண்டாகின்றது. ஏனைய பாலூட்டிகளுட் பெரும்பாலனவற்றிற்கு அவ்வமிலத்தை மேலும் சிதைக்கும் நொதி ஒன்றுண்டு, மனிதருக்கு அஃதில்லை. ஆதலின் அமிலம் சிறுநீரகத்தின் வழியாகவும் குடலின் வழியாகவுமே வெளியேறுதல் வேண்டும். நோயாளருட் பெரும்பாலார்க்குக் குறை மிகுதியாக உண்டாதலில் அன்று, போதிய அளவு வெளியேறாமையிலேயே உள்ளது. அக்குறை குடிவழியாக வருதலும் உண்டு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் அவ்வமிலம் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைக் கடந்தால் கரைந்து நில்லாது படிகமாக உறையத் தொடங்கும். உடம்பின் கடைக்கோடியாகிய கால்விரல் ஏனைய உறுப்புகளினும் குளிர்ந்திருத்தலின் ஆங்கே எளிதில் உறையும். பல்லாண்டு ஓசையின்றிக் கிடந்த படிகங்களை உடம்பு ஒருநாட் பகையெனக் கண்டு எதிர்க்கும்பொழுதே வலி பிறக்கின்றது. உண்ணா நோன்பும், நீர் வற்றுதலும், இறைச்சி விருந்தும் அவ்வெதிர்ப்பைத் தூண்டுவன. சித்திரைப் பௌர்ணமியில் யாம் அம்மூன்றினையும் ஒருங்கே வருவித்துக்கொண்டோம்.

எம் இரத்தத்தில் அன்று 9.4 மில்லிகிராம் இருந்தது. முழங்கையின் புறத்தே மொச்சைக்கொட்டை அளவு கட்டி ஒன்றும் திரண்டிருந்தது. ஐந்தாண்டு விழுங்கிய வலிநீக்கிகளால் சிறுநீரகங்களும் தளர்ந்திருந்தன. குருதி அழுத்தத்திற்காக யாம் உண்டுவந்த நீர் பிரிக்கும் மாத்திரையும் யூரிக் அமிலத்தை மிகுவிப்பதென நண்பர் கண்டு, அதனை வேறொன்றாக மாற்றினார். பின்னர் இரண்டு மருந்துகளை எழுதித் தந்தார். அவ்விரண்டின் வேறுபாட்டை அறிதலே இந்நோயாளருக்கு முதற்பாடமாகும்.

முதலாவது கோல்சிசின். இது படிகத்தைக் கரைப்பதன்று. அதனால் எழும் அழற்சியைத் தணிப்பது. ஐரோப்பாவில் கோல்சிகம் என்னும் செடியின் கிழங்கிலிருந்து நெடுங்காலமாக இம்மருந்தைப் பெற்றனர்; அதன் சாரத்தைப் பிரெஞ்சு நாட்டார் இருவர் 1820-ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தனர். அச்சாரமே நம் செங்காந்தளிலும் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கிக் கூறும்பொழுது முதற்கண் வைத்த மலர் அது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அது. கார்த்திகைப் பூ என்பது அதற்கு மற்றொரு பெயர். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் உழவர் அதனைப் பந்தலிட்டு வளர்த்து, விதையை மருந்துக்கென அயல்நாடுகளுக்கும் அனுப்புகின்றனர். வகுப்பறையிற் பல்லாண்டு அம்மலரை விதந்து பாடஞ் சொன்ன யாம், அதன் பெயரை மருத்துவர் வாயிற் கேட்டு நாணினோம். ஆயினும் ஓர் எச்சரிக்கை: கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு எனப்படும் அதன் கிழங்கு கொடிய நஞ்சு, உயிரைக் கொல்லும். மருத்துவர் அளந்து தரும் மாத்திரை வேறு; வேலியிற் பிடுங்கிய கிழங்கு வேறு. மாத்திரையும் அளவு மிஞ்சினாற் கேடே; சிறுநீரகம் தளர்ந்தார்க்கு அளவு இன்னும் குறையவேண்டும்.

இரண்டாவது அலோபூரினால். யூரிக் அமிலம் உண்டாதலையே குறைப்பது இது. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் வேறொரு நோக்கத்துடன் ஆய்ந்த பொருளே இவ்வாறு பயன்பட்டது. 1966-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இதனை இந்நோய்க்கு ஏற்றது. பெண் என்னும் காரணத்தால் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இடம் மறுக்கப்பெற்று, முனைவர் பட்டம் முடிக்கவும் இயலாதிருந்த அவ்வம்மையார் 1988-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவருள் ஒருவரானார். எம் கல்லூரியில் இன்று பயிலும் தங்கைமார் இவ்வொரு பெயரையேனும் நினைவிற் கொள்க.

நண்பர் அலோபூரினாலை 100 மில்லிகிராமில் தொடங்கினார். மாதந்தோறும் இரத்தம் நோக்கிச் சிறிது சிறிதாக உயர்த்தி, 6 மில்லிகிராமிற்குக் கீழ் அமிலத்தைக் கொணர்தலே குறியென்றார். தோலிற் சிவந்த தடிப்பு ஏதும் தோன்றின் அக்கணமே நிறுத்தி ஓடி வருக என்றார். மற்றொன்றும் கூறினார்: “தொடக்கத்தில் வலி முன்னினும் மிகலாம். பழம் படிகங்கள் கரையுங்கால் எழும் கலக்கம் அது. அதனைத் தடுக்கவே ஆறு மாதம் கோல்சிசினையும் உடன் தருகின்றேன். வலி வந்தாலும் அலோபூரினாலை நிறுத்தாதீர். வலி வாராவிடினும் நிறுத்தாதீர்.” யாம் தலையசைத்தோம். தலையசைத்தல் எளிது.

மூன்றாம் வாரத்தில் வலி வந்தது. நோயைப் போக்க உண்ட மருந்தே நோயை அழைத்ததென்று சினந்து, மாத்திரை அட்டைகளை முற்றத்தில் வீசி எறிந்தோம். முதியவர் செய்கை அன்றுதான், எனினும் செய்தோம். எம் மனைவியார் ஒன்றும் சொல்லாது முற்றத்திற் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, முந்தானையால் துடைத்து, கிண்ணத்தில் இட்டு எம்முன் வைத்தார். “மாமாவின் விரல்களுக்கு நான்தான் மூன்றாண்டு துணி சுற்றினேன். உங்கள் விரல்களுக்கும் சுற்றச் சொல்லாதீர்கள்” என்றார். அவ்வளவே. அன்று முதல் இன்றுவரை ஓரிரவும் யாம் மாத்திரை தவறவிட்டிலோம். பதினாறாண்டு தவறாது நடந்த பெருமிதத்தை உதறி, இப்பொழுது இதனையே பெருமையாகக் கொண்டுள்ளோம்.

இனி உணவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில் இந்நோயாளரைக் கண்டார் யாவரும் முதற்கண் கூறுவது உணவையே. முதல் ஆறு திங்கள் யாமும் கேட்டதையெல்லாம் விட்டோம். துவரம்பருப்பை விட்டோம், கீரையை விட்டோம், தக்காளியைக் கண்டால் அஞ்சினோம். சாம்பாரின்றி மோரும் சோறும் உண்டு மெலிந்தோம். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 47,150 ஆடவரைப் பன்னிரண்டாண்டு தொடர்ந்து நோக்கியதென்று நண்பர் எடுத்துக் காட்டினார். இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டாருள் இந்நோய் மிகுந்தது. பியூரின் மிக்க காய்கறி உண்டாருள் மிகவில்லை. பாற்பொருள் உண்டாருள் குறைந்தது. எனவே பருப்பும் கீரையும் எம் இலைக்கு மீண்டன. ஈரல், மண்ணீரல், மூளை முதலியன அறவே நீங்கின. ஆட்டுக்கறி திங்களுக்கு ஒருமுறை சிறிதளவாயிற்று. நெத்திலியும் மத்தியும் அருகின. மருந்தெனக் கருதிப் பருகிய ஆட்டுக்கால் சாறு நெருப்பில் வார்த்த நெய் என அறிந்தோம். இறைச்சியைக் கொதிக்க வைத்த சாற்றில் பியூரின் மிகுதியாக இறங்கும். மதுவை யாம் தொட்டறியோம். பீர் இந்நோய்க்குப் பெரும்பகை என்பர். ஆனாற் கலர் என்னும் இனிப்புநீரும் அதற்கு இளையதன்று என்பதை இளைஞர் பலர் அறியார். தண்ணீர் நிறையப் பருகுகின்றோம். உடல் எடையை மெல்லக் குறைத்தோம். பட்டினி கிடந்து விரைந்து குறைத்தல் கூடாது, அதுவும் வலியைத் தூண்டும்.

இவ்வளவும் செய்து, மருந்தின் அளவை இன்னும் உயர்த்தாதிருந்த நிலையில், எம் அமிலம் 9.4-லிருந்து 8.5-க்கே இறங்கியது. உணவுக் கட்டுப்பாடு பெரும்பாலார்க்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவே குறைக்கும். எஞ்சியதை மருந்தே குறைத்தல் வேண்டும். மருந்து 300 மில்லிகிராமை எட்டிய பின்னரே எம் அமிலம் 5.4 ஆயிற்று. வாயைக் கட்டினாற் போதும் என்னும் எண்ணம் எமக்குத் திருக்குறளினின்றும் வந்ததென்று ஒரு நாள் நண்பரிடம் கூறினோம். அவர் நகைத்து, “மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தை நீர் பாதியிலே மூடிவிட்டீர்” என்றார். மீண்டும் எடுத்துப் பார்த்தோம். முற்பகுதி உணவின் அளவைப் பேசுகின்றது. பிற்பகுதியோ நோயையும் அதன் காரணத்தையும் ஆய்தலைப் பேசி, நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்து முடிகின்றது. முப்பதாண்டு அவ்வதிகாரத்தைப் பாடஞ் சொன்ன எமக்கு, அந்நான்காம் கூற்றின் பொருள் முற்றத்திற் குனிந்து மாத்திரை பொறுக்கியவரைக் கண்ட நாளிலேயே விளங்கிற்று.

இந்நோயை அரசர் நோய் என்றும், வயிற்றுக்கு அடிமையானார்க்கு வரும் தண்டனை என்றும் மேனாட்டார் நெடுங்காலம் எள்ளினர். பெஞ்சமின் பிராங்க்ளின் 1780-ஆம் ஆண்டில், தமக்கும் தம் நோய்க்கும் இடையே நிகழ்ந்த உரையாடலாக ஒரு நகைச்சுவைக் கட்டுரையே எழுதினார். அதில் நோய் அவரது உணவையும் சோம்பலையும் இடித்துரைக்கும். நகைப்பு நன்றே. எனினும் அந்நகைப்பினால் விளையும் நாணம் நன்றன்று. கஞ்சியும் களியும் உண்டு, நாடோறும் ஆறு மைல் நடந்து பள்ளிக்குச் சென்ற எம் தந்தையார் எந்த அரசருணவை உண்டார்? சிறுநீரகம் வெளியேற்றாததற்கு அவரை யார் பழித்தல் கூடும்? நாணத்தால் மறைத்த நோயே எம் குடியை இரண்டு தலைமுறை வருத்தியது.

எனவே மூன்றாம் தலைமுறையிடம் மறையாது கூறினோம். எம் மைந்தனுக்கு அகவை முப்பத்தாறு. அவனை அழைத்து, பாட்டனாரின் விரல்களையும் எம் முழங்கையிற் கரைந்துவரும் கட்டியையும் பற்றி எடுத்துரைத்தோம். அவன் இரத்தத்தை நோக்க 7.8 இருந்தது. வலி ஏதும் வாராத நிலையில் அதற்கு மருந்து பொதுவாக வேண்டுவதில்லை. எடையையும் இனிப்புநீரையும் குறைத்து, ஆண்டுதோறும் பார்த்து வருக என்று மருத்துவர் அனுப்பினார். முதலில் அவன் நகைத்தான். பின்னர் எம் காலடியில் அமர்ந்து அப்பெருவிரலைத் தொட்டுப் பார்த்தான்.

2023-ஆம் ஆண்டு கார்த்திகைத் தீபத்தின் மறுநாள், நான்காண்டு இடைவெளிக்குப் பின், யாமும் எம் மனைவியாரும் மலையை மீண்டும் வலம் வந்தோம். இம்முறை நோன்பில்லை. இட்டிலி உண்டு புறப்பட்டோம். தண்ணீர்ப் பந்தல்தோறும் நின்றோம். நிருதி லிங்கத்தருகே கால் மணி நேரம் அமர்ந்தோம். எம்மைக் கடந்து சென்றோர் ஆயிரக்கணக்கினர். உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. நடை முடிய ஏழு மணி நேரமாயிற்று. இல்லம் சேர்ந்ததும் கால் கழுவுமுன்னரே எம் மனைவியார் மாத்திரையை நீட்டினார்.

மாணவ நண்பர்களே! நும் இல்லத்திலே காலை நொண்டியவாறு, “பிசகிற்று” என்று கூறும் தந்தையாரோ மாமாவோ இருப்பர். அவர் விரல் மூட்டுகளை ஒருமுறை உற்று நோக்குக. பெயரறியா மாத்திரையால் வலி போயிற்று என்பாராயின், வலி தானே போவது. படிகம் போவதன்று என்று பணிவோடு எடுத்துரைக்க. மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் நோக்குவிக்க. மருந்து தொடங்கிய பின்னர் அவர் அதனை வீசி எறிவாராயின், சினவாது பொறுக்கி எடுத்துக் கொடுக்க. வலியுள்ள நாளில் யாவரும் மருந்துண்பர். வலியில்லாத நாளில் உண்பவரே பிழைப்பர். எம் பெருவிரல் எமக்குப் புகட்டிய பாடம் இவ்வளவே. மாத்திரை உண்ணும் நேரமாயிற்று, இவ்வளவில் அமைகின்றோம்.